தோண்டி முடித்த குழி

லார்னகா
6 மே 2003

ஷெவ்கெத் மேஸ்திரிக்கு,

நான் லூக்கியா. சலாமிஸ் பழைய நகரத் தோண்டலில் உங்களோடு வேலை பார்த்த ஹம்பிஸின் தங்கை. பானை ஓடு கழுவும் பெண்களில் நான்தான் பெரிய வாயாடி என்று நாலு பேர் முன்னால் திட்டினீர்களே, அவளேதான்.

தீவை இரண்டாகப் பிரித்து இருபத்தொன்பது வருஷமாகச் சாத்தியிருந்த எல்லையைப் போன மாதம் திறந்துவிட்டார்கள். ஆறு மணி நேரம் வரிசையில் நின்று, பிறந்த ஊருக்குப் போக பாஸ்போர்ட்டை நீட்டி, நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். எங்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், காபி கொடுத்தார்கள். எங்கள் மரத்து எலுமிச்சையைப் பறித்து எனக்கே ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னேன். வேறென்ன சொல்ல?

பிறகு சலாமிஸுக்குப் போனோம். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டுமாம். தலையில்லாத சிலைகள் அப்படியே நிற்கின்றன. அரங்கின் படிகளில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நாம் எடுத்த சாமான்களை வைத்த கிடங்கு இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே கழிப்பறை கட்டியிருக்கிறார்கள்.

டிக்கெட் கொடுப்பவரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். "மேஸ்திரியா? ஃபமகுஸ்தா கோட்டைக்குள்ளதான் இருக்காரு. முட்டி போச்சு, வாய் போகல" என்றார். உங்கள் தெருவரைக்கும் வந்தேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. நேரில் கேட்டால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஹம்பிஸ் எங்கே? 74 சண்டையில், ஆகஸ்டில் போனவன். காணாமல்போனோர் பட்டியலில் இன்னும் அவன் பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. செத்தால் பக்கத்தில் அவனைப் புதைக்க வேண்டும் என்று கல்லறையில் இரட்டை இடம் வாங்கி வைத்திருக்கிறாள். உங்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தபால் கிடையாது. எல்லைக்கோட்டிலுள்ள பிலா ஊரில் உங்கள் சனமும் எங்கள் சனமும் சேர்ந்து உட்காரும் காபிக்கடையில் இதைக் கொடுத்துவிட்டு வருகிறேன். பதிலையும் அங்கேயே கொடுங்கள்.

லூக்கியா


ஃபமகுஸ்தா
25 மே 2003

லூக்கியா தங்கச்சிக்கு,

உன்னை மறப்பேனா? ஓட்டைக் கழுவச் சொன்னால் ஊர்க்கதையைக் கழுவுவாய். என் கிரேக்க எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் அண்ணன் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டிப் பழக்கிய எழுத்து இது.

அம்மா இன்னும் இருக்கிறாள் என்பது சந்தோஷம். அவள் கொடுத்தனுப்பும் ஆலிவ் ரொட்டியில் எனக்கும் ஒரு துண்டு வரும்.

ஹம்பிஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எங்கள் பக்கத்துப் பட்டாளம் வருவதற்கு முந்தின நாள், பதின்மூன்றாம் தேதி, உங்கள் ஆட்கள் லாரியில் தெற்கே போனார்கள். அதில் அவன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கையைக்கூட ஆட்டினான். அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. அந்த மாதம் முழுக்க உங்கள் ஆட்கள் குண்டு போட்டபடி இருந்தார்கள். நாங்கள் பெண்டு பிள்ளைகளோடு கோட்டைச் சுரங்கத்துக்குள் அடைந்து கிடந்தோம். யார் எங்கே போனார்கள் என்று பார்க்கவா முடியும்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 64-இல் வேலைக்குப் போன பஸ்ஸிலிருந்து என் அப்பாவை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். இறக்கியவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. ஒருத்தரும் எங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. என் அம்மா கேட்டுக் கேட்டே செத்தாள்.

அம்மாவுக்கு என் சலாம் சொல்.

ஷெவ்கெத்


லார்னகா
9 ஜூன் 2003

மேஸ்திரி,

மாதம் முழுக்கச் சுரங்கத்துக்குள் அடைந்து கிடந்தீர்கள். பதின்மூன்றாம் தேதி லாரியையும் பார்த்தீர்கள். எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்?

பதின்மூன்று, பதினான்கு இரண்டு ராத்திரியும் ஹம்பிஸ் எங்களோடுதான் சாப்பிட்டான். பதினைந்தாம் தேதி காலையில் ஊரே கிளம்பியது. நாங்கள் சித்தப்பாவின் டிராக்டரில் ஏறியாகிவிட்டது. அப்போது நான்தான் கேட்டேன். "கிடங்குச் சாவி உன்கிட்டதானே இருக்கு? பூட்டினியா?" என்று. சும்மா வாய் இருக்கிறதே என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன், தெருமுனையில நில்லுங்க" என்று குதித்து ஓடினான். அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். பிறகு விமானம் வந்தது. சித்தப்பா வண்டியை எடுத்துவிட்டார்.

நான் அப்படிக் கேட்டது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், எனக்குப் பொய் சொல்கிற உங்களுக்கு.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதற்காக என் அண்ணனை லாரியில் ஏற்றி அனுப்பாதீர்கள்.

லூக்கியா


ஃபமகுஸ்தா
2 ஜூலை 2003

லூக்கியா,

உன் கடிதத்தைப் பதினைந்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுத உட்காருவேன், முட்டி வலிக்கிறது என்று எழுந்துவிடுவேன். முட்டியில் ஒன்றும் இல்லை.

பதினேழாம் தேதி காலையில்தான் நாங்கள் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தோம். சனமெல்லாம் ரொட்டியைத் தேடி ஓடியது. நான் கிடங்கைத் தேடிப் போனேன். புத்தி அப்படி. ஐந்து வருஷம் நாம் எடுத்த சாமான்களை எவனாவது அள்ளிக்கொண்டு போயிருப்பானோ என்று கவலை. உன் அண்ணனுக்கும் அதே கவலைதான் போலிருக்கிறது.

கிடங்கு பூட்டியிருந்தது. ஹம்பிஸ் வாசலில் கிடந்தான். மார்பில் சுட்டிருந்தார்கள். இரண்டு நாள் வெயில் அவன் மேல் போயிருந்தது. அதற்கு மேல் கேட்காதே.

அந்த வாரம் கண்ணில் பட்ட உடம்பையெல்லாம் கிணறுகளில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கிணற்றுக்கு விட எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் மாதத்து மண் கல்லாக இருக்கும், நான் ஒற்றை ஆள். புது மண் கிளறியிருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். அப்போதுதான் மேற்குப் பக்கத்துக் கல்லறை ஞாபகம் வந்தது. ஏப்ரலில் நாம் தோண்டி, ஒன்றும் இல்லாமல் மூடினோமே, அது. மண் இன்னும் இறுகவில்லை. தோண்டி முடித்த குழியை யாரும் மறுபடி தோண்டமாட்டார்கள். நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அங்கே ஒரு காரியம் செய்தேன். அவன் சட்டை, பெல்ட், பூட்ஸ், கடிகாரம், கழுத்துச் சிலுவை எல்லாவற்றையும் கழற்றினேன். பின்னால் யார் பார்த்தாலும் பழைய காலத்து எலும்பு என்று நினைத்து மூடிவிட்டுப் போகட்டும் என்றுதான். அந்தக் காலத்து ஆட்களை எப்படிக் கிடத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நூறு பேரை வெளியே எடுத்தவன். தலையைக் கிழக்கே வைத்தேன். கைகளை உடம்போடு சேர்த்தேன். அவன் பையிலிருந்த சாவியால் கிடங்கைத் திறந்து, எண் போடாத பழைய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். மண்ணைச் சலித்து, அடுக்கடுக்காகப் போட்டு, கையால் அமுக்கினேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

துணியை எரித்தேன். சிலுவையையும் கடிகாரத்தையும் சாவியையும் கடலில் போட்டேன். வீட்டில் இருந்தால் கேள்வி வரும். தப்புதான்.

ஷெவ்கெத்


லார்னகா
14 ஜூலை 2003

மேஸ்திரி,

அம்மா பார்க்கக்கூடாதென்று குளியலறைக்குள் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

உங்கள் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போலிருக்கிறது. அதே கையை ஒடிக்கவும் வேண்டும் போலிருக்கிறது. அவனைக் கிணற்றுக்கு விடாத மனுஷன், எங்களை மட்டும் எப்படி விட்டீர்கள்? ஐ.நா. சிப்பாய்கள் வாரம் தவறாமல் இரண்டு பக்கமும் போய் வந்தார்களே. ஒரு துண்டுச் சீட்டு. பெயர்கூட எழுத வேண்டாம். 'தேடாதே' என்று ஒரு வார்த்தை போதும். அம்மா இருபது வருஷம் அவன் ஃபோட்டோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றாள். மழை பெய்தால் பிளாஸ்டிக் உறை போட்டு ஃபோட்டோவை மூடுவாள், தலையை மூடமாட்டாள்.

போகட்டும். சண்டையைப் பிறகு போடலாம். அவனை எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிற காணாமல்போனோர் குழுவிடம் சொன்னால் வந்து எடுப்பார்கள். வருகிற இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை கதவைத் தட்டுவேன். அந்தக் கல்லறையை எனக்குக் காட்டுங்கள். எலும்பைக் கையில் வாங்கும்வரை அம்மாவிடம் மூச்சு விடமாட்டேன். பாதி நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவளால் தாங்க முடியாது.

லூக்கியா


ஃபமகுஸ்தா
20 ஆகஸ்ட் 2003

லூக்கியா,

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். "அவரு ஊர்ல இல்ல" என்று என் மனைவியைச் சொல்லவைத்தது நான்தான். நீ அரை மணி நேரம் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றதைச் சன்னல் இடுக்கில் பார்த்தேன். கறுப்புக் குடை வைத்திருந்தாய்.

மேற்குக் கல்லறையில் அவன் இல்லை.

2001 வசந்தத்தில் வெளியிலிருந்து ஒரு குழு தோண்ட வந்தது. பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நம் 74-ஆம் வருஷத்துக் குறிப்பேடுகள் சண்டையில் போய்விட்டன இல்லையா, அவர்கள் வரைபடத்தில் அது யாரும் தொடாத கல்லறை. "அது காலிங்கம்மா, நாங்களே தோண்டினதுதான்" என்றேன். குழுவின் தலைவி சிரித்தாள். "எங்க எழுதியிருக்கு மேஸ்திரி?" என்றாள். முட்டி வலி, நெஞ்சு வலி, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப வேற ஆள விட்டுத் தோண்டறோம்" என்றார்கள். வேறு ஆள் மண்வெட்டியால் கொத்திவிடுவானே என்று நானே இறங்கினேன்.

என் கையாலேயே பிரஷ் போட்டு அவன் முகத்து மண்ணைத் தள்ளினேன், லூக்கியா. வைத்தது வைத்தபடி இருந்தான். தலைவி கை தட்டினாள். "இவ்வளவு ஒழுங்கான அடக்கத்த நான் பார்த்ததே இல்ல. யாரோ ரொம்ப அக்கறையா செஞ்சிருக்காங்க" என்றாள். உடைந்த விலா எலும்பை மண் பாரத்தில் உடைந்தது என்று எழுதிக்கொண்டார்கள். சுற்றி ஒன்பது பேர். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவன் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள காட்சியறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். கிண்ணமும் தலைமாட்டில் இருக்கிறது. கீழே அட்டையில், 'ஆண், வயது இருபத்தைந்துக்குள், இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தையது' என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். காவலாளி, எனக்குப் பழைய பொருள்மேல் ஆசை என்று நினைக்கிறான்.

அவனை வெளியே எடுக்க வேண்டுமானால் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, சுட்டது யார். எனக்குத் தெரியும். அன்றைக்கே சுட்டவன் வாயாலேயே கேட்டேன். அவன் என் மனைவியின் தம்பி, எங்களோடு சுரங்கத்தில் இல்லாமல் பட்டாளத்தோடு வந்தவன். இன்றைக்கும் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

இப்போது நீ திட்டு.

ஷெவ்கெத்


லார்னகா
27 ஆகஸ்ட் 2003

மேஸ்திரி,

மே மாதம் நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றேன்.

உங்களுக்கு எழுத அது ஒரு விஷயமாகவே அன்றைக்கு எனக்குப் படவில்லை. வெயில் தாங்காமல் உள்ளே ஒதுங்கினோம். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "பல்லெல்லாம் எவ்வளவு கெட்டி பாரு, அந்தக் காலத்துச் சாப்பாடு" என்றார். நானும் குனிந்தேன். "பாவம், சின்ன வயசு" என்றேன். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டோம். கூடப் பிறந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு இருபத்துநாலு. வயதை மட்டும் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திட்ட எனக்குத் தெம்பில்லை. அம்மா பத்து நாளாகக் கஞ்சியும் பாலும்தான். டாக்டர் குளிர்காலம் வரை என்று நாள் சொல்லிவிட்டார். உங்கள் மைத்துனன் பெயர் எனக்கு வேண்டாம். அவன் நன்றாகச் சாப்பிடட்டும். எனக்கு வேண்டியது மூன்று வரி. 'கிடங்கு வாசலில் கிடந்தான். நான் புதைத்தேன். கண்ணாடிக்குள் இருப்பது ஹம்பிஸ்.' இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவிடம் கொடுங்கள். நான் போய்ச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். கிழவி ஒருத்தி மியூசியத்து எலும்பைத் தன் வீட்டுப் பிள்ளை என்கிறாள் என்று பேப்பரில் போடுவார்கள்.

கேட்டுக் கேட்டே உங்கள் அம்மா செத்தாள் என்று எழுதினீர்கள். அது எப்படியிருக்கும் என்று தெரிந்த நீங்கள்தான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தீர்கள். இன்னும் இருக்கப்போகிறீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

லூக்கியா


ஃபமகுஸ்தா
3 அக்டோபர் 2003

லூக்கியா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதலில் காணாமல்போனோர் குழுவில் சிரித்தார்கள். பிறகு கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். 'அடிப்பக்கம் விரிசல், நம் கிடங்குப் பசையால் ஒட்டியது, திருப்பிப் பாருங்கள்' என்றேன். திருப்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தோண்ட வந்த குழுவின் தலைவி எங்கிருந்தோ போனில் கூப்பிட்டு, "என் பேரையே கெடுத்துட்டீங்களே, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். நீயும் அதைத்தான் கேட்டாய்.

சுட்டது யாரென்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லியும் ஊருக்குப் புரிந்துவிட்டது. என் மனைவி தம்பி வீட்டோடு போய்விட்டாள். காபிக்கடையில் நான் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடுகிறது. நேற்று முன்வாசலில் செத்த நாய் ஒன்று கிடந்தது. நானே புதைத்தேன்.

அவனைப் பெட்டியிலிருந்து எடுத்து முத்திரை வைத்துவிட்டார்கள். ரத்தம் ஒத்துப்போக வேண்டுமாம். அந்தச் சோதனைக்கு இந்தத் தீவில் இன்னும் வசதி இல்லை, வருஷக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். அம்மாவின் ரத்தத்தை முதலில் கொடு. தாமதிக்காதே. என் ரத்தத்தையும் அப்பாவுக்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஷெவ்கெத்


லார்னகா
12 நவம்பர் 2007

ஷெவ்கெத் மேஸ்திரிக்கு,

நாலு வருஷமாக நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை.

அம்மா 2004 ஜனவரியில் போய்விட்டாள். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்தாயிற்று. ஊசி எதற்கு என்று கேட்டாள், சர்க்கரை இருக்கிறதா பார்க்க என்றேன். சொல்லியிருக்கலாம். கடைசி வாரம் தினமும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டியை எப்படிச் சொல்வது? பொய் சொன்னதற்கு உங்களைத் திட்டியவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். ஒரு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அவனை வைத்திருந்தார்கள். முழுசாக இருக்கிறான், ஒரு விரல் எலும்புகூடக் குறையவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு தாடையும் இரண்டு விலா எலும்பும்தான் வருகிறதாம். கிணற்றில் போனவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். உங்கள் கை செய்த வேலை. அதை மறுக்கமாட்டேன்.

மண்டையோட்டில் காதுக்கு மேலே கறுப்பு மையில் எண் எழுதியிருக்கிறது. 01/317. அழிக்கட்டுமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அழியாது என்று எனக்குத் தெரியும். ஓட்டில் நாமும் அப்படித்தானே எழுதினோம், மேலே வார்னிஷ் பூசி. சுரண்டினால் எலும்பு போகும். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி எங்கள் ஊர்க் கிழவர்களிடம் கேட்டேன். மூன்று பேர் இருக்கிறார்கள், இங்கே அகதிக் குடியிருப்பில். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். ஒருவர் எழுந்து போனார். மூன்றாமவர், "பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறறே?" என்றார். அவருக்குத் தெரியும். திரும்பவும் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹம்பிஸை அடக்கம் செய்கிறோம். நீங்கள் வராதீர்கள். அவனை ஒரு தடவை நீங்கள் புதைத்தீர்கள், இந்தத் தடவை நாங்கள் புதைக்கிறோம். உங்களுக்கு நான் கை கொடுக்க வேண்டியிருக்கும். என்னால் முடியாது. உங்கள் கையைத் தட்டிவிடவும் முடியாது.

நாற்பதாம் நாள் பூசை கழியட்டும். அதற்கப்புறம் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். லார்னகாவின் புதுக் கல்லறைத் தோட்டம், வாசலிலிருந்து மூன்றாவது வரிசை, இரட்டைக் கல். இடதுபக்கம் அவன், வலதுபக்கம் அம்மா. நடந்ததை அவளிடம் நீங்களே சொல்லுங்கள், முதலிலிருந்து. கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்.

லூக்கியா